கோடு போட்ட பக்கம்

2003ஆம் ஆண்டு. சமாதான காலம் என்று நாங்கள் சொல்லும் அந்தப் போர்நிறுத்தக் காலத்தின் சில வருடங்களில் கடலுக்குப் போவதற்கு இருந்த தடைகள் தளர்ந்திருந்தன. இலங்கையின் கிழக்கே, கல்முனைக் கரையில் இயந்திரப் படகுகள் கூடின. படகுகள் கூடக்கூட, கடலிலிருந்து கரையோடு பேசுகிற வீஎச்எஃப் றேடியோ செற்றுகளும் கடைக்குத் திருத்த வருவது கூடியது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெரியகல்லாற்றிலிருந்து தினமும் சைக்கிளில் போய் ஒரு றேடியோ திருத்தும் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். கடைக்காரரை நானா என்று கூப்பிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. நானா ஜும்ஆவுக்குப் போயிருந்தார். சாய்ந்தமருதுப் பக்கமிருந்து ஒரு படகுக்காரர் வந்தார். அன்று இரவே கடலுக்குப் போக வேண்டுமாம், செற் உயிரே இல்லாமல் கிடக்கிறதாம். கழற்றி மீற்றரை வைத்துப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில், பெரிய உளுந்து அளவில், இரண்டு காலுள்ள ஒரு துளிக் கபாசிற்றர், மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் உறுப்பு, ஷோர்ட் ஆகியிருந்தது. லாச்சியில் அதே அளவு ஒன்று இருந்தது. அதன் உடம்பில் ஒரு பக்கம் கோடு. அதுவரை நான் மாற்றியதெல்லாம் அலுமினியக் கபாசிற்றர்கள். அவற்றில் கோடு போட்ட பக்கம் மைனஸ். அந்தப் பழக்கத்திலேயே கையை வைத்தேன். ஈயம் பற்றவைத்து, பன்னிரண்டு வோல்ட் கொடுத்தேன்.

இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது. துளி தணலாகச் சிவந்தது. பிறகு தீக்குச்சி உரசியதுபோல் ஒரு சீறல், வெள்ளை ஒளி, தொண்டையைப் பிடிக்கிற நெடி. வயரைப் பிடுங்கினேன். போர்டில் அந்த இடம் கரியாகி, செம்புத் தடம் ஒன்று சுருண்டு எழுந்து நின்றது. படகுக்காரர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் மனதில் நிற்கிறது.

நானா வந்து தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். "தம்பி, இது டான்டலம். இதுல கோடு போட்ட பக்கம் ப்ளஸ்" என்றார். அவ்வளவுதான். கரியைச் சுரண்டி, அறுந்த தடத்துக்கு மேலால் மெல்லிய செம்புக் கம்பியொன்றை வளைத்து ஒட்டி, வேறொரு துளியைப் போட்டு, மஃரிப் தொழுகைக்கு முன்னே செற்றைக் கொடுத்தனுப்பினார். காசு வாங்கவில்லை.

நான் அன்று வீட்டுக்குப் போகும்போது அந்த எரிந்த துளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். ஒரு உளுந்தளவு பொருளுக்குள் இவ்வளவு நெருப்பு எங்கே இருந்தது? அந்தக் கேள்விதான் இருபது வருடங்களுக்கு மேலாக என்னைத் தாண்டலம் என்ற அந்த உலோகத்தின் பின்னாலும் அதன் உடன்பிறப்பான நையோபியத்தின் பின்னாலும் இழுத்துக்கொண்டு திரிகிறது. இந்த இரண்டு உலோகங்களையும் பற்றித் தமிழில் எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

துளிக்குள் இருப்பதிலிருந்து தொடங்குகிறேன். தாண்டலத்தை மாவைவிட நுண்ணிய பொடியாக்குகிறார்கள். பொடியின் நடுவே ஒரு தாண்டலக் கம்பியை நட்டு, சின்னக் கட்டியாக அழுத்தி, வெற்றிடத்தில் சூடேற்றுகிறார்கள். தாண்டலம் உருக 3,017 பாகை செல்சியஸ் வேண்டும். அந்த அளவுக்குப் போவதில்லை. மணிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மட்டும் பிணைந்துகொள்ளும். கிடைப்பது கடற்பஞ்சு மாதிரித் துளை நிறைந்த ஒரு கட்டி. இன்றைய நுண்பொடிகளில் ஒரு கிராமை எடுத்து அதன் மேற்பரப்பு முழுவதையும் விரித்தால் ஒரு பாய் அளவுக்கு வரும். பாயை உளுந்துக்குள் சுருட்டி வைத்த மாதிரி.

பிறகு அந்தக் கட்டியைப் பொஸ்போரிக் அமிலக் கரைசலில் அமிழ்த்தி மின் கொடுக்கிறார்கள். துளைகளின் உட்சுவரெல்லாம் தாண்டல ஒட்சைட்டுத் தோல் ஒன்று வளர்கிறது. ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 2 நனோமீற்றர் என்ற கணக்கில், கொடுக்கிற வோல்ட்டுக்கு ஏற்ப அதன் தடிப்பு அமைகிறது. 16 வோல்ட் என்று எழுதியிருக்கும் துளிக்குள் இருக்கும் தோலின் தடிப்பு, தலைமுடித் தடிப்பில் ஐந்நூறில் ஒரு பங்குகூட வராது. மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் திறனில் இந்த ஒட்சைட்டு அலுமினிய ஒட்சைட்டைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. பாய் அளவு பரப்பு, அதன்மேல் இவ்வளவு மெல்லிய தோல், அந்தத் தோலுக்கு இப்படியொரு குணம். இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் ஒரு கைபேசிக்குள் இத்தனை வேலை அடங்குகிறது.

தோலுக்கு வெளியே மங்கனீசு ஈரொட்சைட்டு பூசப்படுகிறது. 1950களில் பெல் ஆய்வுகூடத்தில் உருவான முறை இது. திரவமே இல்லாத, முழுக்கத் திண்மமான கபாசிற்றர். எங்கள் ஊர் வெக்கையில் அலுமினியக் கபாசிற்றருக்குள் இருக்கும் ஈரம் சில வருடங்களில் காய்ந்துவிடும், தலை உப்பும். தாண்டலத்துக்குள் காய்வதற்கு ஒன்றுமில்லை. இதயத் துடிப்புக்காக நெஞ்சுக்குள் வைக்கும் பேஸ்மேக்கரிலும் செய்மதியிலும் இதைப் போடுவது அதனால்தான். போய்த் திருத்த முடியாத இடங்கள் அவை.

அந்த மங்கனீசு ஈரொட்சைட்டில் ஓர் அற்புதம் இருக்கிறது. தோலில் எங்காவது நூலிழைபோல் ஒரு பிளவு விழுந்தால், அவ்விடத்தில் மின் கசிந்து சூடாகும். சூட்டில் மங்கனீசு ஈரொட்சைட்டு தன் ஒட்சிசனில் கொஞ்சத்தை விட்டு, மின்னை எளிதில் கடத்தாத வேறோர் ஒட்சைட்டாக மாறிவிடும். காயத்தில் பொருக்குக் கட்டுவதுபோல் அந்தப் புள்ளி மட்டும் அடைபட்டுப் போகும், துளி தொடர்ந்து வேலை செய்யும்.

ஆனால் தோல் ஒரு திசையில்தான் மின்னைத் தடுக்கும். கோட்டைத் தவறான பக்கம் வைத்தால் மின் தடையின்றிப் பாய்ந்து சூடு பரவும். அப்போது ஆற்றுவதற்காக இருந்த அதே ஒட்சிசன் தீயை ஊதி வளர்க்கிறது. உள்ளே நுண்பொடியாகப் பிணைந்த தாண்டலமோ ஒட்சிசனுக்காக ஏங்கித் தவிக்கும் உலோகம். நான் அன்று பார்த்த வெள்ளை ஒளி அதுதான். இப்போது மங்கனீசுக்குப் பதில் மின்கடத்தும் பொலிமர் பூசிய துளிகள் நிறைய வருகின்றன. ஒட்சிசனை விடாததால் அவை தீப்பற்றுவது குறைவு. ஆனாலும் கோடு இன்னும் ப்ளஸ் பக்கத்தில்தான். வேலை பழக வரும் எந்தப் பிள்ளைக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

2011இல் களுவாஞ்சிக்குடியில் சொந்தமாகக் கடை போட்டேன். பக்கத்துக் கடை ஒரு பத்தருடையது. நகை செய்கிற கை, எந்த உலோகத்தைக் கொடுத்தாலும் விரலால் உருட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒருநாள் பழைய போர்டுகளிலிருந்து எடுத்த துளிகளை உடைத்து, நடுவிலிருந்த கம்பிகளை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்து அவரிடம் கொண்டுபோனேன்.

"என்ன மனே இது, வெள்ளியா?" என்றார். கையில் ஏந்தியதும் "இல்ல, பாரம் கூட" என்றார். வெள்ளியின் அடர்த்தி 10.5. தாண்டலம் 16.65. கொஞ்சக் கம்பியிலேயே அவருடைய கைக்கு அது தெரிந்துவிட்டது. பட்டறைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டினார். உடையாமல் தகடாக விரிந்தது. "நல்ல பதம்" என்று சொன்னார். பிறகு அவராகவே, "திராவகத்துல போட்டுப் பாப்பமா?" என்றார்.

இராச திராவகம் அவருக்குத் தொழிற்பொருள். நைத்திரிக் அமிலம் ஒரு பங்கு, ஐதரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு. தங்கத்தையே கரைப்பது. கடைக்குப் பின்னால், காற்றோட்டமான இடத்தில், கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தோம். நகைத் தராசில் கம்பிகளின் நிறை 0.186 கிராம். செம்மஞ்சள் ஆவி எழுந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அவர் பொன்துகள் ஒன்றை வேறொரு கிண்ணத்தில் போட்டார். தேநீர் குடித்து முடிவதற்குள் அது மஞ்சள் நீராகிவிட்டது. தாண்டலக் கம்பிகளை இரவு முழுவதும் விட்டோம். காலையில் கழுவி, துடைத்து, நிறுத்தார். 0.186. பத்தர் தராசைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை வைத்தார். அதே நிறை. கொஞ்ச நேரம் அந்தக் கம்பியைப் பார்த்தபடியே இருந்தார். அறுபது வருடத் தொழிலில் அவர் கிண்ணத்தில் தோற்காத முதல் உலோகம் அது.

அந்தக் காலையில் பத்தர் பார்த்ததைத்தான் 1802இல் சுவீடனில் அன்டர்ஸ் குஸ்தாவ் எக்கபெர்க் பார்த்தார். அமிலத்துக்குள் முக்கி வைத்தும் ஒரு சொட்டையும் ஏற்றுக்கொள்ளாத ஒட்சைட்டு ஒன்றை அவர் பிரித்தெடுத்தார். கிரேக்கக் கதையில் தாண்டலஸ் என்றொரு அரசன். தெய்வங்களுக்குச் செய்த குற்றத்துக்காகக் கழுத்தளவு நீரில் நிற்க வைக்கப்பட்டவன். குடிக்கக் குனிந்தால் நீர் வற்றிப்போகும். நீருக்குள் நின்றும் தாகம் தீராதவன் பெயரையே எக்கபெர்க் அந்தப் பொருளுக்கு வைத்தார். வேதியியலில் இதைவிடப் பொருத்தமான பெயர் ஒன்றை நான் கண்டதில்லை.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 1801இல், லண்டனில் சார்ள்ஸ் ஹச்செற் அமெரிக்காவின் கனெக்ரிகட் பகுதியிலிருந்து வந்து அருங்காட்சியகத்தில் கிடந்த ஒரு கறுப்புக் கல்லை ஆராய்ந்து, கொலம்பியம் என்ற புதிய தனிமத்தை அறிவித்திருந்தார். 1809இல் வில்லியம் வொலஸ்ரன் இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட்டார். அவர் பெரிய ஆள். உலகம் நம்பியது. 1844இல் ஜேர்மனியின் ஹைன்ரிக் ரோஸ், தாண்டலக் கல்லுக்குள் வேறொன்றும் ஒளிந்திருக்கிறது என்று காட்டி, தாண்டலஸின் மகள் நையோபியின் பெயரை அதற்கு வைத்தார். 1866இல் மரிஞ்ஞாக் என்ற சுவிஸ் வேதியியலாளர் அவற்றின் பொற்றாசியம் புளோரைட்டு உப்புகளைப் பயன்படுத்தி இரண்டையும் ஒழுங்காகப் பிரித்தார். தாண்டல உப்பு நீரில் அரிதாகவே கரையும், நையோபிய உப்பு தாராளமாகக் கரையும். தந்தையையும் மகளையும் பிரிக்க அறுபது வருடத்துக்கு மேல் ஆனது. ஹச்செற்றின் கொலம்பியமும் நையோபியமும் ஒன்றே என்று பின்னர் தெளிவானது. 1950ஐ ஒட்டித்தான் நையோபியம் என்ற பெயர் சர்வதேச அளவில் நிலைபெற்றது.

ஏன் அவ்வளவு ஒற்றுமை? ஆவர்த்தன அட்டவணையில் நையோபியம் 41, தாண்டலம் 73. ஒன்றின் கீழ் ஒன்று. கீழே இருப்பது பருத்திருக்க வேண்டும். ஆனால் இடையில் லாந்தனைட்டுகள் என்ற தனிமங்கள் பதினைந்து வந்து கருவின் இழுவையைக் கூட்டிவிடுவதால் தாண்டலம் சுருங்கி, மகளுடைய அளவுக்கே வந்துவிடுகிறது. இயற்கையில் ஒரே கல்லுக்குள் இரண்டும் கலந்து கிடப்பது அதனால்தான். இன்றும் ஆலைகளில் ஐதரோபுளோரிக் அமிலத்தில் கரைத்து, சேதனக் கரைப்பான்களால் மாறி மாறிப் பிரித்தெடுக்கிறார்கள். இராச திராவகத்துக்கு அசையாத தாண்டலம் அந்த ஓர் அமிலத்துக்கு இளகிவிடும். எலும்புவரை போகிற நச்சு அது. பத்தரிடம் அதன் பெயரைக்கூட நான் சொல்லவில்லை.

இனி மகள். நையோபியத்தில் பத்தில் ஒன்பது பங்கு உருக்குக்குள் போகிறது. ஒரு தொன் உருக்குக்கு முந்நூறு கிராம் அளவு போதும். கறிக்கு உப்புப் போடும் அளவுகூட இல்லை. இந்தச் சின்ன அளவு காபனோடு சேர்ந்து கண்ணுக்கே தெரியாத மணிகளாகி, உருக்கை உருட்டித் தட்டும்போது அதன் படிகங்களைப் பருக்க விடாமல் ஆங்காங்கே முளை அடித்ததுபோல் நிற்கும். படிகம் சிறுத்தால் உருக்குக்கு வலுவும் கூடும், முறியாத குணமும் கூடும். இரண்டையும் சேர்த்துத் தருகிற வழி உருக்குக்காரர்களுக்கு இது ஒன்றுதான். 1958 அளவில் அமெரிக்காவில் தொடங்கிய இந்த வழக்கம் இன்று எண்ணெய்க் குழாய், பாலம், கார் என்று எல்லாவற்றிலும் நிற்கிறது.

மட்டக்களப்புக் கல்லடியில் புதுப்பாலத்தால் போகும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கும் பழைய பாலத்தைப் பார்ப்பேன். 1920களின் இரும்பு. வலு வேண்டுமென்றால் தடிப்பாகப் போடு என்ற காலத்துப் பொருள். வாவியின் உப்புக்காற்றில் நூறு வருடம் நின்ற அந்தத் தடித்த சட்டங்களில் நையோபியம் ஒரு துணுக்கும் இருக்காது. நிலாக் காலத்தில் மீன் பாடுவதைக் கேட்க ஆட்கள் போய் நிற்கும் அந்தப் பாலத்தில், நான் போல்ற்றுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

உலக நையோபியத்தில் பெரும்பங்கு ஒரே நாட்டிலிருந்து வருகிறது, பிரேசில். அதிலும் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் ஆராக்சா என்ற ஊரிலிருந்து. லித்தியம் பற்றரிக்குள் நையோபிய ஒட்சைட்டு வைத்து, பத்து நிமிடத்தளவில் சார்ஜ் ஏற்றும் பஸ் ஒன்றை 2024இல் அந்த ஊரிலேயே ஓட்டிக் காட்டினார்கள்.

2019இல் அம்மாவின் இடுப்பு வலிக்கு எம்ஆர்ஐ எடுக்கக் கொழும்புக்குக் கூட்டிப்போனேன். தாலிக்கொடி, கொண்டை ஊசி எல்லாம் கழற்றி என் கையில் தந்துவிட்டு உள்ளே போனார். கதவுக்கு வெளியே உட்கார்ந்து அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள்ளே நையோபியம் தைத்தேனியக் கலப்புக் கம்பி கிலோமீற்றர் கணக்கில் சுற்றப்பட்டு, திரவ ஹீலியத்தில் கிடக்கிறது. அங்கே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 269 பாகை. அந்தக் குளிரில் கம்பி மீகடத்தியாகிவிடும், மின்னுக்குத் தடையே இல்லை. ஒருமுறை ஏற்றிவிட்ட மின்னோட்டம் வருடக்கணக்கில் தானே சுற்றிக்கொண்டிருக்கும். இரவிலும், ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் அந்தக் காந்தம் விழித்தபடியே இருக்கும்.

அம்மா வெளியே வந்ததும், "உள்ளுக்க யாரோ தகரத்துல அடிக்கிற மாதிரி இருந்திச்சி மனே" என்றார். அந்தச் சத்தம் நையோபியக் கம்பியுடையது இல்லை அம்மா, படம் எடுப்பதற்காக விட்டுவிட்டு மின் ஓடும் வேறு சுருள்கள் அதிர்கிற சத்தம், பெரிய காந்தம் மூச்சுக்கூட விடாது என்று பஸ்ஸில் வரும்போது விளக்கினேன். பொலன்னறுவை தாண்டும்வரை கேட்டுக்கொண்டு வந்தார்.

ஜெனீவாவுக்குப் பக்கத்தில் 27 கிலோமீற்றர் வட்டத்தில் துகள்களை மோதவிடும் பொறியின் 1,232 பெருங்காந்தங்களும் இதே கலப்புக் கம்பிதான். அதைவிட வலிய காந்தம் வேண்டுமென்றால் நையோபியத்தோடு வெள்ளீயம் சேர்க்கிறார்கள். பிரான்சில் கட்டப்படும் ஐற்றர் அணுச்சேர்க்கை உலைக்கு அதுதான். ஆனால் அந்தச் சேர்மம் ஓடுபோல் உடையும், கம்பியாக வளைக்க முடியாது. ஆகவே சேராத நிலையில் கம்பியைச் சுருட்டி முடித்துவிட்டு, அதற்குப் பிறகு உலையில் வைத்து வாரக்கணக்கில் சூடேற்றிச் சேர வைக்கிறார்கள். பானையை வனைந்த பின் சூளையில் வைக்கிற குயவரின் முறை.

அண்மைய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது குவாண்டம் கணினிகளில் நடந்தது. அந்தக் கணினியின் அடிப்படை அலகு, மீகடத்தி உலோகப் படலத்தில் வரைந்த ஒரு சின்னச் சுற்று. அலுமினியமும் நையோபியமும்தான் வழக்கமான படலங்கள். சுற்றில் வைத்த நிலை நுண்விநாடிகளில் கலைந்துவிடுவதுதான் அந்தத் துறையின் பெரிய துன்பம். 2021இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் நையோபியத்தின் இடத்தில் தாண்டலத்தை வைத்தார்கள். நிலை 0.3 மில்லிவிநாடியைத் தாண்டி நின்றது. காரணத்தைத் தேடிப்போனால், மறுபடியும் தோல்! நையோபியத்தின் மேல் பல வகை ஒட்சைட்டுகள் கலந்து, ஒழுங்கில்லாத தோல் வளர்கிறது. சக்தி அங்கேதான் கசிகிறது. தாண்டலத்தின் தோல் பெரும்பாலும் ஒரே ஒட்சைட்டு, சீரானது. அதோடு, மிகக் கடுமையான அமிலங்களாலும் அதைக் கழுவிச் சுத்தப்படுத்தலாம். பத்தரின் கிண்ணத்தில் கிடந்த அதே பிடிவாதம். அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வுகூடத்தில் நையோபியத்தையே வைத்துக்கொண்டு, அதன்மேல் காற்றுப் படாமல் மெல்லிய தாண்டலப் படலம் ஒன்றைப் போர்த்தினார்கள். சுற்றின் ஆயுள் கூடியது. தந்தை மகளைப் போர்த்தி நிற்கிறான் என்று அன்று என் குறிப்புக் கொப்பியில் எழுதி வைத்தேன்.

இந்தத் தோலால்தான் உடம்பும் தாண்டலத்தை ஏற்கிறது. இரத்தமும் உப்பும் அதை அரிக்க முடியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மண்டையோட்டில் ஓட்டை விழுந்த சிப்பாய்களுக்குத் தாண்டலத் தகட்டைத்தான் வைத்து மூடினார்கள். 1990களின் பிற்பகுதியிலிருந்து, எலும்பு உள்ளே புகுந்து வளரக்கூடிய துளைநிறைந்த தாண்டலத்தில் இடுப்பு மூட்டுகள் வருகின்றன. தலையிலும் காலிலும் இரும்புத் துண்டுகளோடு நடமாடுகிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இதைப் பற்றி வாசித்தபோது எனக்கு அவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

தாண்டலம் எங்கிருந்து வருகிறது என்று தேடிய நாட்களில் எனக்கு நித்திரை கெட்டது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு இரண்டாயிரம் தொன்னுக்குச் சற்று மேல்தான் எடுக்கப்படுகிறது. அதில் பெரும்பங்கு மத்திய ஆபிரிக்காவிலிருந்து. கொங்கோவின் கிழக்கே, வட கிவு மாகாணத்தில், ருபாயா என்ற மலையூர். கொல்ரான் என்று அங்கே சொல்லும் கறுப்பு மண்ணை மண்வெட்டியால் வெட்டி, ஓடும் நீரில் அரித்து, சாக்கில் கட்டி முதுகில் சுமந்து இறக்குகிறார்கள். உலகத் தாண்டலத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் அந்த ஒரே இடத்திலிருந்து வருவதாக ஐ.நா. சொல்கிறது. 2024இல் எம்23 ஆயுதக் குழு அதைப் பிடித்தது. 2000ஆம் ஆண்டில் கைபேசிகளும் விளையாட்டுப் பெட்டிகளும் பெருகித் தாண்டல விலை பல மடங்கு ஏறியபோதும் அங்கே போர்தான் நடந்துகொண்டிருந்தது. அந்த விலையும் அந்தப் போருக்கு எரிபொருளானது. 2010இல் அமெரிக்கா இயற்றிய சட்டமொன்று கம்பனிகளை உலோகத்தின் ஊர் எது என்று சொல்ல வைத்தது. சாக்குகளுக்குச் சீட்டுக் கட்டும் முறையும் வந்தது. சீட்டுக் கட்டியும், மண் எல்லை தாண்டிப் போய் வேறு நாட்டுச் சீட்டோடு வெளியேறுகிறது என்று ஐ.நா. வல்லுநர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ருபாயாச் சரிவின் படமொன்றைப் பார்த்தேன். கால் முழுக்க மண் பூசிய பதினேழு பதினெட்டு வயதுப் பையன், தோளில் சாக்கு. பின்னால் துவக்கோடு ஒருவன். அந்த நிற்பும், அந்தக் கண்ணும் எனக்குப் புதியவை இல்லை. அந்த வயதில் நான் சோதனைச் சாவடியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்றபோது என்னைப் படம் எடுத்திருந்தால் அப்படித்தான் இருந்திருக்கும்.

நையோபியின் கதையைப் பிறகுதான் முழுதாக வாசித்தேன். பிள்ளைகள் அத்தனை பேரையும் பறிகொடுத்து, அழுதழுது கல்லாகிப்போன தாய். கல்லான பிறகும் அந்தக் கல்லிலிருந்து கண்ணீர் வடிந்துகொண்டே இருந்ததாம். மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் இருக்கும் அம்மாமாரை நான் கடந்து போயிருக்கிறேன். கிவுவிலும் அப்படி இருப்பார்கள். ஹைன்ரிக் ரோஸ் அந்தப் பெயரை உறவுமுறைக்காக வைத்தார். எனக்கு அந்தப் பெயரை வேறுவிதமாக வாசிக்கத்தான் வருகிறது.

இவ்வளவு பாடுபட்டு வந்த உலோகத்தை நாங்கள் என்ன செய்கிறோம்? பழைய போர்டு குப்பைக்குப் போகிறது. அதிர்ஷ்டம் இருந்தால் வாங்குபவர் ஒருவர் வந்து கிலோக் கணக்கில் கொண்டுபோவார். போர்டுகள் வெளிநாட்டில் செம்பு உலைக்குள் போகும். தங்கம், வெள்ளி, செம்பு மீளக் கிடைக்கும். தாண்டலமோ உலையின் சூட்டில் கிடைக்கிற ஒட்சிசனையெல்லாம் இழுத்துக்கொண்டு கசடுக்குள் இறங்கிவிடும். கழித்த இலத்திரனியல் பொருட்களிலிருந்து உலகம் மீட்டெடுக்கும் தாண்டலம் நூற்றில் ஒன்றுகூட இல்லை. அந்த உலோகத்தின் சிறப்பு எதுவோ, அதுவே அதைத் தொலைக்கவும் செய்கிறது. உருக்குவதற்கு முன்பே கையால் கழற்றி எடுத்தால்தான் உண்டு. கையால் கழற்றுவது எங்களைப்போன்ற கடைகளுக்குத் தெரிந்த வேலை. இதை ஏன் ஒரு தொழிலாக யாரும் இங்கே எண்ணிப் பார்க்கவில்லை என்பது எனக்கு உண்மையான மனக்குறை.

திருக்கோவில் கடற்கரை மணலில் கோடிக்கணக்கில் அரிய உலோகம் இருக்கிறது, தோண்டினால் நாடு செழிக்கும் என்று சிலர் என்னிடம் சொல்வார்கள். மாரி முடிந்த பிறகு அங்கே கரையில் கறுப்புக் கோடுகள் படிந்திருக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தோடு போய்ப் பார்த்திருக்கிறேன். சில மணிகள் மீசைபோல் ஒட்டின, சிவந்த கபில மணிகள் ஒட்டாமல் கிடந்தன. ரூற்றைல் என்ற கனிமத்தில் தைத்தேனியத்தின் இருக்கையில் நையோபியமும் தாண்டலமும் துளித்துளியாக வந்து உட்காருவதுண்டு, அது உண்மை. 1904இல் தோரியனைற்று என்ற கனிமத்தைக் கண்டுபிடித்த ஆனந்த குமாரசுவாமியின் காலத்திலிருந்தே இந்த நாட்டின் அபூர்வக் கனிமங்களைப் பற்றிப் பேச்சு உண்டு. ஆனால் ரூற்றைலுக்குள் துளித்துளியாக இருப்பதை வைத்துக் கடற்கரையைச் சுரங்கமாக்க முடியாது. கனிய மணல் அகழ்வை எதிர்த்து நின்ற திருக்கோவில் மக்களின் பக்கம்தான் நான். 2004ஆம் ஆண்டு மார்கழியில் எங்கள் கரைகளுக்கு என்ன நடந்தது என்று கண்ட எவரும் அந்த மணல்மேடுகளில் கை வைக்கச் சம்மதிக்க மாட்டார்கள்.

சுனாமிக்குப் பிறகு உப்பில் ஊறிய செற்றுகள் கல்முனைக் கடைக்கு மலையாகக் குவிந்தன. அலுமினியக் கபாசிற்றர்கள் வெள்ளையாகப் பூத்திருந்தன, செம்புத் தடங்கள் பச்சையாகிவிட்டன. துளிகளுக்குக் கால் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. வயரை வெட்டும் குறட்டால் ஒன்றை உடைத்தேன். உள்ளே அந்தச் சாம்பல்நிறக் கட்டி அப்படியே இருந்தது, கம்பியும் மின்னியது. நானா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "வீசிராதீங்க தம்பி, ஒரு போத்தல்ல போட்டு வைங்க" என்றார். அந்த வாரம் அவருடைய வீட்டில் இரண்டு மையித்து (சாவு). அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

அந்த ஹோர்லிக்ஸ் போத்தல் இப்போது களுவாஞ்சிக்குடிக் கடையில், ஓசிலஸ்கோப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. முக்கால்வாசிக்கு வந்துவிட்டது. மூடியில் டான்டலம் என்று மார்க்கரால் எழுதியிருக்கிறேன். 2003இல் நான் எரித்த துளியும் அடியில் எங்கோ கிடக்கிறது. போன வாரம் பத்தரின் தராசில் வைத்தோம், போத்தலைக் கழித்து 412 கிராம். இன்று காலை ஒரு பழைய ஸ்கானர் போர்டிலிருந்து ஏழு துளி கழற்றினேன். வேலை பழக வந்திருக்கும் பெண்பிள்ளை அவற்றை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, கோடு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போட்டாள்.